இருபத்து மூன்றாம் எண்

ஆனந்தமேரிக்குப் பதினாறு வருடமாக இருட்டில்தான் வேலை. திண்டுக்கல் நாகல் நகரில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் லேப். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே இரண்டு இருட்டறைகள். ஒன்று எனக்கு. ஃபிலிம் கழுவுகிற அறை, சிவப்பு பல்பு, மூக்கை விட்டுப் போகாத மருந்து வாடை. இன்னொன்று அவளுக்கு. நான் கழுவிக் காயவைத்துக் கொடுக்கும் ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்து, குறை இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் பெயர் நூர் அகமது. பேகம்பூர்க்காரன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் யாரும் என்னைத் திருத்த வேண்டாம். இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாங்கள் பார்ப்பது கை கால் எக்ஸ்ரே இல்லை. இரண்டு குழாய்களை வெல்டிங் செய்து இணைத்த இடத்தின் படம். வெளியே பார்த்தால் பளபளவென்றுதான் இருக்கும். உள்ளே ஒரு காற்றுக் குமிழோ, முடி அளவு விரிசலோ இருந்தால் ஃபிலிமில்தான் தெரியும். ஆறங்குலக் குழாய் ஒன்றைச் சுற்றி எடுக்க மூன்று ஃபிலிம் வேண்டும். பட்டறையில் படம் எடுக்கும்போது குழாயின் மேல் ஈயத்தில் செய்த எழுத்துகளை டேப் போட்டு ஒட்டுவார்கள். ஜாயிண்ட் நம்பர், தேதி, வெல்டரின் நம்பர். ஈயத்தைக் கதிர் தாண்டாது, அதனால் ஃபிலிமில் அவை வெள்ளையாக விழும். வெல்டரின் பெயர் எங்கும் இருக்காது. நம்பர் மட்டும்தான் மனிதன்.

தெற்கே கடலோரத்தில் ஓர் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் போகும் குழாய்களில் ஒரு பங்கை வேடசந்தூர் ரோட்டில் உள்ள ஒரு பட்டறை செய்தது. அவசரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய்கள் அவை. அறுபது வருடம் சும்மா கிடக்கும். என்றாவது ஒரு நாள் உள்ளே சூடு கைமீறிப் போனால், அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் வேலை செய்ய வேண்டும். அந்த நாள் வரவே கூடாது என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு ஜாயிண்டையும் அந்த நாள் நாளைக்கே வரும் என்று நினைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று மேரி சொல்வாள்.

அந்தப் பட்டறையில் இருபத்து மூன்றாம் நம்பர் வெல்டர் சகாயராஜ். மேரியின் புருஷன். முத்தழகுபட்டியில் வீடு. ஒரே மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள். சகாயராஜுக்குத் தன் பெயரைவிட நம்பர் மேல்தான் பிரியம். ஹெல்மெட்டில் 23, டிபன் கேரியரில் 23, வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மூடியில் 23. பட்டறையில் ஒவ்வொரு வெல்டருக்கும் விரல் நீளத்துக்கு ஓர் இரும்பு முத்திரை கொடுப்பார்கள். வெல்டிங் முடிந்ததும் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் அதை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நம்பர் குழாயில் பதிந்துவிடும். "பாய், நாம மண்ணுக்குப் போனாலும் இந்த நம்பர் அறுபது வருஷம் அங்க நிக்கும்" என்று என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பான். நூறு தடவையும் நான் "சரிப்பா, டீ வாங்கு" என்றுதான் சொன்னேன்.

லேபில் ஒரு விதி. புருஷன் செய்த வெல்டிங்கைப் பெண்டாட்டி பார்த்து முடிவு சொல்லக் கூடாது. நியாயமான விதிதான். 23 என்று வரும் ஃபிலிம்களை நான் தனியாக எடுத்து, எங்கள் லேபில் இருந்த இன்னொரு ஆளிடம் கொடுத்துவிடுவேன். அவன் அந்தப் பட்டறைக்கு வந்ததிலிருந்து பதினோரு வருடம் அப்படித்தான் நடந்தது. ஊரில் உள்ள அத்தனை வெல்டர் கையையும் மேரி ஃபிலிமில் பார்த்திருக்கிறாள். சகாயராஜின் கையை மட்டும் பார்த்ததில்லை. "எப்படி இருந்துச்சு பாய்?" என்று கேட்பாள். "நல்லாத்தான் இருக்கும், இல்லேன்னா திரும்பி வந்திருக்குமே" என்பேன். அதற்கு மேல் அவள் கேட்டதில்லை.

அவர்கள் வீட்டில் இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி ஸ்டாண்டு இருந்தது. ஸ்டாண்டு என்றால் கடையில் வாங்கியது இல்லை. இந்த அணுமின் நிலைய வேலைக்கு வெல்டர் எடுக்கும்போது முதலில் ஒரு சோதனை வைப்பார்கள். இரண்டு குழாய்த் துண்டுகளை இணைத்துக் காட்ட வேண்டும். அதைப் படம் எடுத்துப் பார்த்துத் தேறினால்தான் வேலை. சகாயராஜ் தேறியதும் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். ஒரு முழ நீளம், நட்டநடுவே அவன் போட்ட வெல்டிங் வளையம். அதை நிமிர்த்தி வைத்து, மேலே ஓர் எவர்சில்வர் மூடியைக் கவிழ்த்து, அதில் மெழுகுதிரி. பார்க்க அழகாக ஒன்றும் இருக்காது. வருடக்கணக்கில் மெழுகு வழிந்து வழிந்து அது குழாய் என்பதே பாதி மறைந்துபோயிருந்தது.

போன வருடம் ஜூலை மாதம், பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த சகாயராஜ் அப்படியே சாய்ந்துவிட்டான். சோற்றைப் பிசைந்திருக்கிறான், வெஞ்சனத்தைத் தொடவில்லை. நெஞ்சுவலி. நாற்பத்தெட்டு வயது. அடக்கத்தன்று பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஃபோர்மேன் குருசாமி பெட்டியை மூடுவதற்கு முன் குனிந்து, சகாயராஜின் சட்டைப் பையில் அந்த 23 முத்திரையை வைத்தார். வெல்டர் ஒருவர் போய்விட்டால் முத்திரையைப் பூட்டிவைக்க வேண்டும், நம்பரை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது பட்டறை விதி. மண்ணுக்குள் வைப்பதைவிடப் பத்திரமான பூட்டு எது என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது. அழுதுகொண்டிருந்த மேரி அதைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

முப்பதாம் நாள் பூசைக்கும் குருசாமி வந்தார். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, அந்தக் குழாய்த் துண்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மதினி, அண்ணன் ஞாபகமா பட்டறையில கொஞ்ச நாளைக்கு இத வச்சுக்கிறோம். பயக ஆசப்படுறாங்க" என்றார். சகாயராஜை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார், அதனால் இவள் மதினி. மேரி மெழுகுதிரியை மட்டும் எடுத்துவிட்டுத் துண்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். செப்டம்பர் கடைசியில் மெழுகெல்லாம் சுரண்டித் துடைத்து அதே துணியில் திரும்பி வந்தது. ஒன்றரை மாதம் வெறுமையாகக் கிடந்த இடத்தில் அவள் அதைப் பிரித்த கையோடு பழையபடி வைத்து, அன்றைக்கே ஏழெட்டுத் திரி ஏற்றியிருக்கிறாள்.

இதற்கிடையில் லேபில் இருந்த அந்த இன்னொரு ஆள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டார். புருஷனே இல்லாதபோது புருஷன் விதி எதற்கு? எல்லா ஃபிலிமும் மேரிக்கே வரத் தொடங்கின.

அக்டோபர் முதல் வாரம் ஒரு காலை அவள் அறைக் கதவைத் திறந்து, "பாய், செத்த இங்க வாங்க" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. போனேன். வெளிச்சப் பெட்டியில் ஒரு ஃபிலிம். அதன் ஓரத்தில் வெள்ளையாக 23. பக்கத்தில் தேதி, செப்டம்பர் ஒன்பது.

சகாயராஜ் மண்ணுக்குள் போய் அப்போது இரண்டு மாதம்.

பயத்தை மறைக்கக் கோபப்பட்டேன். "பழைய ஈய எழுத்த எடுத்து ஒட்டிருப்பானுக. கண்ணு தெரியாத பயலுக" என்றேன். வந்த ஃபிலிமைப் பதிவு நோட்டில் ஏற்றுவது என் வேலை. அதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே அந்த 23-ஐ என் கையால் நோட்டில் எழுதியிருக்கிறேன். பதினோரு வருடப் பழக்கம், எழுதினேன், யோசிக்கவில்லை. அப்போதே பட்டறைக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தால் எல்லாம் அங்கேயே நின்றிருக்கும். நான் சொன்ன என் தப்பு இதுதான்.

மேரி கேள்வி எழுதவில்லை. ஃபிலிமைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்புட்டு வருஷம் அவுக வேலைய எனக்குக் காட்டாம ஒளிச்சு வச்சீக. இப்ப அவுகளே கொண்டாந்து காட்டுறாக" என்றாள். சிரித்தபடிதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு விரலால் ஓர் இடத்தைக் காட்டினாள். வெல்டிங் கோட்டிலிருந்து அரை விரல் தள்ளி, கறுப்பாக இரண்டு மெல்லிய கோடுகள், ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு. நகக்கீறல் அளவுதான். ஆனால் தெளிவாக ஒரு சிலுவை.

கழுவும்போது என் கிளிப் கீறியிருக்கும் என்றேன். அவள் அடுத்த ஜாயிண்டின் ஃபிலிம்களை எடுத்தாள். முதல் ஜாயிண்டில் அது முதல் ஃபிலிமில் இருந்தது. இரண்டாவதில் மூன்றாம் ஃபிலிமில். மூன்றாவதில் நடு ஃபிலிமின் ஓரத்தில். கீறல் என்றால் ஒரே இடத்தில் அல்லவா இருக்க வேண்டும்? இது ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் குழாயைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் நான் மருந்துத் தொட்டிகளைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, புது மருந்து ஊற்றினேன். கிளிப்புகளை மாற்றினேன். அடுத்த கட்டு ஃபிலிம் வந்தது. சிவப்பு வெளிச்சத்தில், மருந்துக்குள், என் விரல்களுக்கு நடுவில் அந்தச் சிலுவை மெல்ல மெல்ல ஊறி வந்தது. ஃபிலிமைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் நாற்பத்தொரு ஜாயிண்ட். எல்லாம் 23. எல்லாத் தேதியும் அவன் செத்த பிறகு.

பத்து மணிக்கு வருகிறவள் எட்டரைக்கே வரத் தொடங்கினாள். மத்தியானம் சாப்பிட வெளியே வருவதில்லை. தலையில் பூ வைப்பதை நிறுத்திய நாளிலிருந்து இல்லாத ஒரு தெளிச்சி முகத்தில் வந்திருந்தது. ஒரு நாள் அவள் அறைக் கதவைத் தட்டப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே அவள் பேசிக்கொண்டிருந்தாள். போனில் இல்லை, எங்கள் இருட்டறைக்குள் போன் எடுக்காது. வேலை முடிந்து வந்த ஆளிடம் பேசுவதுபோல் மெதுவாக, "வேரு நல்லாப் பிடிச்சிருக்கு. இங்கன மட்டும் ஒரு புள்ளி. எப்பவும் இந்தச் சிலுவைக்கிட்டயே ஏன் கை நிக்குது?" என்றாள். சற்று நேரம் சத்தமே இல்லை. பதிலுக்குக் காத்திருக்கிறாள் என்று புரிந்ததும் நான் தட்டாமலே திரும்பி வந்தேன்.

வேர் என்பது வெல்டிங்கின் அடிப்பகுதி. அந்தப் புள்ளியும் எல்லா ஜாயிண்டிலும் இருந்தது. வெல்டிங் ஊசி முனையின் டங்ஸ்டன் துணுக்கு ஒன்று உலோகத்துக்குள் மாட்டிக்கொண்டால் விழும் வெள்ளைப் புள்ளி. அளவுக்குள் இருந்ததால் குறை இல்லை. வேறு யாருடைய ஃபிலிமாக இருந்தாலும் மூன்றாவது ஜாயிண்டிலேயே மேரி பிடித்திருப்பாள். ஒரே புள்ளி இரண்டு குழாயில் விழாது என்று எனக்கே பாடம் எடுத்தவள் அவள். ஆனால் அப்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஜாயிண்டை இல்லை. ஒன்பது ஜாயிண்டுக்கு "ஏற்கலாம்" என்று கையெழுத்தும் போட்டாள். மீதியை வைத்துக்கொண்டு, தீர்ந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

குருசாமி நெருக்கத் தொடங்கினார். குழாய் போக வேண்டிய தேதி நெருங்குகிறது என்று ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தோடு லேபுக்கு வந்தார். ஃபிலிமில் 23 என்று இருக்கிறதே என்று நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் மேரியைப் பார்த்துப் பேசினார். "அதெல்லாம் அண்ணன் முன்னாடியே பத்த வச்சது மதினி. படம்தான் இப்ப எடுத்தோம். அண்ணன் பேரு நாப்பத்தொரு எடத்துல அங்க நிக்கப் போகுது. நீங்க கையெழுத்துப் போட்டா அதுதான் அவருக்குப் பெரிய பூசை" என்றார். ஃபிலிமில் இருக்கும் தேதி படம் எடுத்த தேதிதான், வெல்டிங் தேதி இல்லை. வாய்ப்பு உண்டு. மேரியின் கண் நிறைந்தது. "முடிச்சுத் தாரேன் தம்பி" என்றாள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அன்று அவள் அந்தக் குழாய் ஸ்டாண்டைக் கல்லறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். கனமானது, பஸ்ஸில் கொண்டுபோக முடியாது, நடக்கவும் முடியாது. என் டி.வி.எஸ். வண்டியில் கால் வைக்கும் இடத்தில் அதை நிறுத்தி, அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். காலையில் தூறியிருந்தது. சாயங்காலம் கல்லறைத் தோட்டம் முழுவதும் மெழுகுதிரி. குடும்பம் குடும்பமாக ஆட்கள், செவ்வந்திப் பூ வாசம், எங்கோ ஒரு சாமியார் மைக்கில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். சகாயராஜின் மேட்டில் ஸ்டாண்டை நட்டு வைத்தோம்.

காற்றுக்குத் திரி நிற்கவில்லை. மூடியைச் சுற்றி ஒரு மாத மெழுகு மேடு கட்டியிருந்தது. "அதச் செத்தச் சுரண்டி விடுங்க பாய்" என்றாள். வண்டிச் சாவியால் சுரண்டினேன். பெரிய பாளமாகப் பக்கவாட்டு மெழுகும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. அடியில் பிசுபிசுவென்று ஏதோ. டேப் ஒட்டி எடுத்த பசை. வெல்டிங் வளையத்தை ஒட்டி, தின்னர் போட்டுத் துடைத்தும் போகாத மஞ்சள் மார்க்கர் தடங்கள். பூஜ்யம், பக்கத்தில் இன்னொரு பூஜ்யம், அதன் மேல் பாதி ஏறி இன்னொன்று. குழாயைச் சுற்றிலும் பூஜ்யங்கள். படம் எடுக்கும்போது முதல் ஃபிலிம் எங்கே தொடங்குகிறது என்று காட்டப் பூஜ்யம் போடுவார்கள். ஒரு ஜாயிண்டுக்கு ஒரு பூஜ்யம்தான் இருக்கும்.

என் கட்டை விரலுக்கு அடியில் ஏதோ நெருடியது. வீட்டில் சுவரைப் பார்த்து நின்ற பக்கம் அது. மேரி குனிந்து, எரிகிற மெழுகுதிரியைப் பக்கத்தில் பிடித்தாள். உளி முனையால் தட்டிய சிலுவை, இரண்டே கோடு. சாமி படத்துக்கு முன்னால் வைக்கப்போகிற பொருள் என்று சகாயராஜ் என்றைக்கோ தட்டியிருக்கிறான். வெல்டிங் கோட்டிலிருந்து அரை விரல் தள்ளி.

நாற்பத்தொரு ஜாயிண்டின் படமும் இதுதான். ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தை நகர்த்தி, ஈய நம்பரை மாற்றி, இந்த ஒரு துண்டையே திரும்பத் திரும்பப் படம் எடுத்திருக்கிறார்கள்.

பேய் இல்லை என்று தெரிந்தால் பயம் போக வேண்டும். எனக்கு அப்போதுதான் பயம் சரியாகப் பிடித்தது. மேரி மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த நாப்பத்தொண்ணையும் யாரு பத்த வச்சது பாய்?" என்றாள். உள்ளே என்ன இருக்கிறது என்று உலகத்தில் ஒருவரும் பார்க்காத நாற்பத்தொரு ஜாயிண்ட், வேடசந்தூர் ரோட்டில் வண்டிக்குக் காத்துக்கிடந்தது.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனோம். மில் பஸ்கள் போய்வந்த புழுதி அடங்காத நேரம். முற்றத்தில் கட்டைகள் மேல் குழாய்கள் வரிசையாகக் கிடந்தன. மேரி ஒவ்வொன்றாகக் குனிந்து தடவிக்கொண்டே போனாள். ஒன்றிலும் முத்திரை பதியவில்லை. மார்க்கரால் எழுதியிருந்தார்கள், 23, 23, 23 என்று. முத்திரைதான் மண்ணுக்குள் இருக்கிறதே.

குருசாமி மறைக்கவில்லை. அந்த ஆளை முழுதாக வெறுக்க முடியாமல் போனது அதனால்தான். சகாயராஜ் தவிர இந்த வேலைக்குத் தேறிய வெல்டர் பட்டறையில் யாரும் இல்லை. புது ஆட்களுக்கு இரண்டு தடவை சோதனை வைத்தும் தேறவில்லை. தேதியோ கழுத்தை நெரித்தது. அவர்களை வைத்தே முடித்தார். முதல் படம் எடுத்து வேறு ஊரில் கழுவிப் பார்த்தார், உள்ளே ஓட்டை. இரண்டாவதும் அப்படியே. அப்புறம்தான் மெழுகுதிரி ஸ்டாண்டு ஞாபகம் வந்திருக்கிறது.

"நம்பர் மட்டும் ஏன் அவுக நம்பரு?" என்றாள் மேரி.

"தேறுன நம்பர் வேற இல்ல மதினி."

"தம்பி, அவுக நம்பர மண்ணுக்குள்ள வச்சது நீங்கதான். நீங்களே ஏன் தோண்டி எடுத்தீக?"

குருசாமி அழவில்லை, மிரட்டவும் இல்லை, உள்ளதைச் சொன்னார். "நீங்க எழுதுங்க, நான் தடுக்கல. ஆனா ஃபாரத்துல என்ன விழும்னு யோசிச்சுக்கங்க. வெல்டர் 23, நாப்பத்தொண்ணும் ரிஜெக்ட். அம்புட்டுதான் விழும். செத்த தேதிக்கு அதுல கட்டம் கிடையாது. அறுபது வருஷத்துக்கு அந்தத் தாளு இருக்கும். எடுத்துப் பாக்குறவன் எல்லாம், எவன்டா இந்த 23னு கேப்பான்."

அது பொய் இல்லை. எங்கள் ஃபாரத்தில் நம்பருக்கு ஒரு கட்டம், முடிவுக்கு ஒரு கட்டம். பெயருக்கு இடம் இல்லை. மேரிக்கு இந்த உலகத்தில் அப்போது மிச்சம் இருந்ததே அந்த நம்பரின் நல்ல பெயர் ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டால் 23 நாற்பத்தொரு இடத்தில் பெருமையாக நிற்கும். வாயைத் திறந்தால் அவன் தொடாத நாற்பத்தொரு ஓட்டைக்கு அவன் சொந்தக்காரன். இரண்டு நாள் அவள் லேபுக்கு வந்து வெளிச்சப் பெட்டியைப் போடாமலே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அவளே கடலோரத்து அணுமின் நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள். நான்தான் நம்பர் தேடிக் கொடுத்தேன்.

அணுமின் நிலையத்தின் தர ஆய்வுப் பிரிவிலிருந்து மணிமேகலை என்ற இன்ஜினியர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், சிரிக்காத பெண். நாற்பத்தொன்றையும் தன் கண் முன்னால் மறுபடி படம் எடுக்க வைத்தார். ஃபிலிம்களை நான் கழுவினேன். இந்தத் தடவை சிலுவை வரவில்லை. வேர் பிடிக்காத கறுப்புக் கோடுகளும், கொத்துக் கொத்தாய்க் குமிழ்களும் வந்தன. முப்பத்து மூன்று தேறவில்லை. அவற்றில் மேரி "ஏற்கலாம்" என்று கையெழுத்துப் போட்டவை ஏழு. அந்த ஏழு ஃபிலிமையும் அவள் ஒவ்வொன்றாக எடுத்து, வெகுநேரம் பார்த்துவிட்டு வைத்தாள்.

மணிமேகலை சுற்றி வளைக்கவில்லை. "உங்க மேல கெட்ட எண்ணம் இல்லைன்னு தெரியும்மா. ஆனா ஒம்பது ஜாயிண்டுக்கு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆறு மாசத்துக்கு நீங்க ஃபிலிம் பார்க்கக் கூடாது. நாளையிலேர்ந்து." மெழுகுதிரி ஸ்டாண்டையும் சாட்சிப் பொருளாக எடுத்துப் போக வேண்டும் என்றார். திரும்பக் கிடைக்குமா என்று நான் கேட்டேன். அதை அறுத்துப் பார்ப்பார்கள், கிடைக்காது என்றார். எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. மேரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாளையிலேர்ந்துதான மேடம்? இன்னைக்கு என் கையெழுத்துச் செல்லும்ல?"

"செல்லும்."

"அப்ப இந்தத் துண்டையும் சாட்சின்னா, இதுக்கும் ஒரு படம் எடுத்து ஒரு ரிப்போர்ட் போடணும்ல? விதி அதான."

மணிமேகலை தலையாட்டினார். "சாட்சிப் பொருளுக்கு எங்க ஃபாரம். அதுல குறிப்புக்கு இடம் இருக்கு" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்ற விதி அவருக்கும் தெரியாமல் இருக்காது. ரிப்போர்ட்டின் அடியில் தானும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஸ்டாண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்து வந்தார்கள். மூன்று ஃபிலிமையும் கழுவினேன். சிலுவை வந்தது. இந்தத் தடவை நான் படிக்கட்டுக்கு ஓடவில்லை. காயவைத்துக் கொண்டுபோய் அவள் மேசையில் வைத்துவிட்டு, வெளியே போகச் சொல்வாள் என்று நின்றேன். சொல்லவில்லை. அதனால் பார்த்தேன்.

அவள் உள்ளே யாரிடமும் பேசவில்லை. வேறு எந்த வெல்டர் ஃபிலிமையும் பார்க்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம்வரை லென்ஸை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். புள்ளி வந்த இடத்தில் நிறுத்தி, அளவுகோலை வைத்து அளந்து, "டங்ஸ்டன் புள்ளி ஒன்று, அளவுக்குள்" என்று எழுதினாள். புருஷன் என்று அதை விட்டுவிடவில்லை. அடையாளம் என்ற இடத்தில் சிலுவைக் குறி என்று எழுதினாள். வெல்டர் 23 என்று எழுதி, பக்கத்திலேயே சகாயராஜ் என்று முழுப்பெயரும், இறந்த தேதியும் எழுதினாள். அதற்குக் கீழே, சந்தேகத்துக்குரிய நாற்பத்தொரு ஜாயிண்டும் அந்தத் தேதிக்குப் பிறகு செய்யப்பட்டவை, அவற்றின் படமாகக் காட்டப்பட்ட இந்தத் துண்டு மட்டுமே இந்த வெல்டர் செய்தது என்று ஒரு வரி.

கடைசிக் கட்டம் முடிவு. பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். முகம் முழுக்க ஈரம்.

"நல்லாத்தான் இருக்கு பாய். நீங்க சொன்ன மாதிரி."

"ஏற்கலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு வெளிச்சப் பெட்டியை அணைத்தாள்.